இஞ்சின் கொதித்தால் டிரைவர் தலையா?



பேராக்கில் ஒரு தோட்டம். பெயரைச் சொல்லி யாரையும் சந்திக்கு இழுப்பது என் நோக்கமல்ல; ஆகவே பெயர் வேண்டாம். கித்தாவும் செம்பனையும் கலந்த தோட்டம் அது. அங்கே பால் லாரி ஓட்டும் ஒரு தோழருக்கு ஆப்பீசிலிருந்து காரணம் கேட்டுக் கடிதம் வந்தது. மேட்டுச் சடக்கில் இஞ்சின் கொதித்து, சிலிண்டர் ஹெட் வெடித்து, லாரி பட்டறையில் கிடக்கிறதாம். "இது உமது அஜாக்கிரதையால் நேர்ந்த நஷ்டம், பழுது பார்க்கும் செலவை உமது சம்பளத்தில் மாதா மாதம் ஏன் பிடிக்கக்கூடாது?" என்று கேட்டிருந்தது கடிதம்.

அதை எடுத்துக்கொண்டு அவர் என் வீட்டுக்கு வந்தார். வலது கை மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை வெந்து தோல் உரிந்திருந்தது. ரேடியேட்டர் மூடியைத் திறந்தபோது ஆவி அடித்த புண்.

"அண்ணே, தண்ணி குறையுதுன்னு மண்டோர்கிட்ட மூணு தடவை சொன்னேன். மத்தியானம் வரைக்கும் ஓட்டு, அப்புறம் பாத்துக்கலாம்னாரு."

"எழுதிக் குடுத்தியா தம்பி?" என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டார்.

வாயால் சொன்னது காற்றோடு போயிற்று. ஆப்பீஸ் எழுதியது காகிதத்தில் நின்றது. நம் கதை முழுவதும் இதுதான், தோழர்களே!

நானும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தோட்டத்து லாரி ஓட்டியவன். மேட்டிலே எத்தனையோ முறை நீராவியைப் பார்த்தவன். அந்த அனுபவத்தில் நின்று கேட்கிறேன்: இஞ்சின் கொதித்தால் டிரைவர் தலையா?

கொதிப்பது ஏன்?

டீசல் எரிந்து பிறக்கும் சக்தி முழுவதும் சக்கரத்துக்குப் போவதில்லை. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் வண்டியை இழுக்கிறது. இன்னொரு பங்கு புகைக்குழாய் வழியாகச் சூடாகவே வெளியேறுகிறது. மீதியைப் பெரும்பாலும் ரேடியேட்டர் தண்ணீர்தான் சுமந்து சென்று காற்றில் விடவேண்டும். விடமுடியாமற் போனால் இஞ்சின் கொதிக்கும். இதிலே மாயமும் இல்லை, விதியும் இல்லை.

ஆகவே கேள்வி இரண்டே இரண்டு. இஞ்சினில் எவ்வளவு சூடு பிறக்கிறது? ரேடியேட்டர் எவ்வளவு சூட்டை வெளியே தள்ளுகிறது? முதலாவதைத் தீர்மானிப்பது பாரம். இரண்டாவதைத் தீர்மானிப்பது பராமரிப்பு. இவ்விரண்டும் டிரைவர் கையிலா இருக்கின்றன? நிருவாகத்தினர் நெஞ்சில் கை வைத்துச் சொல்லட்டும்!

பாரம் ஏற்றுவது யார்?

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். கிராணிமார்கள் பென்சிலை எடுத்துச் சரிபார்க்கலாம். வண்டியும் பாரமும் சேர்ந்து 16 டன். பத்தடி போனால் ஓரடி ஏறும் மேடு. மணிக்கு 20 கிலோமீட்டர் வேகம். அந்த மேட்டை ஏறுவதற்கு மட்டும் ஏறக்குறைய 117 குதிரைச் சக்தி தேவை. சடக்கின் உராய்வு வேறு.

அதே லாரியில் இன்னும் 4 டன் ஏற்றுங்கள். "நாலு டன்தானே, இரண்டு நடையை ஒரு நடையாக்கலாமே" என்று சொல்வார்கள். அதே வேகத்தில் ஏற இப்பொழுது ஏறக்குறைய 146 குதிரைச் சக்தி வேண்டும். கால் பங்கு கூடுதல்! அதற்கேற்ப எரியும் டீசலும் கூடும், தண்ணீர் சுமக்கவேண்டிய சூடும் கூடும். ஆனால் ரேடியேட்டர் கால் பங்கு பெரிதாகிவிட்டதா? இல்லையே!

இஞ்சினுக்கு அவ்வளவு சக்தி இல்லையென்றால் என்ன ஆகும்? வண்டி ஊர்ந்து ஏறும். ஊர்ந்தால் முகப்பில் அடிக்கும் காற்று குறையும். மேட்டில் நிற்கும் நேரம் நீளும். சூடு கூடிக்கொண்டே போகும், அதை வாங்கும் காற்றோ குறைந்துகொண்டே போகும். இரண்டு பக்கமும் நெருப்பு வைத்த அடுப்புப் போலாகிறது இஞ்சின்.

இந்த 4 டன்னை ஏற்றச் சொன்னது யார்? நடைக்கு இவ்வளவு என்று குத்தகைக்காரருக்குக் காசு பேசியது யார்? அந்தக் குத்தகைக்காரர் டிரைவருக்கும் நடைக்கணக்கில் கூலி பேசி, நிறுத்தி நிறுத்தி ஓட்டினால் வயிறு காயும் என்ற நிலையை உண்டாக்கியது யார்? பாரத்தை ஏற்றுவது ஒருவர், இலாபத்தை எண்ணுவது ஒருவர், கொதித்தால் மட்டும் பதில் சொல்வது டிரைவரா?

பாரம் ரேடியேட்டரோடு நிற்கும் காரியமும் அல்ல. 2025 மே 13-ஆம் நாள் தெலுக் இந்தானில், கல் ஏற்றிய லாரி ஒன்று கலகத் தடுப்புப் போலீசாரின் வண்டியில் மோதி ஒன்பது போலீசார் மாண்டதை நாடே கண்டு கலங்கியது. அந்த லாரியில் அளவுக்கு மீறிய பாரம் இருந்ததை அரசாங்க விசாரணை எடுத்துக் காட்டியது. அது இஞ்சின் கொதித்த கதையன்று. ஆயினும் அளவு மீறிய பாரம் முதலில் இஞ்சினைக் கேட்கும், பிறகு பிரேக்கைக் கேட்கும், கடைசியில் உயிரைக் கேட்கும் என்பதை மறக்கலாகாது.

தண்ணீர் சுமக்கும் லாரிக்குத் தண்ணீர் இல்லை!

பால் மரம் சீவும் தோழர்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. மரத்திலிருந்து இறக்கும் பாலில் உலர்ந்த ரப்பர் பெரும்பாலும் 30 முதல் 40 விழுக்காடுதான். மற்றது கிட்டத்தட்ட முழுவதும் தண்ணீரே. 5,000 லிட்டர் தொட்டி நிறைந்தால் ஏறக்குறைய 5 டன். அதிலே ஏறக்குறைய 3 டன் தண்ணீர். மூன்று டன் தண்ணீரை முதுகில் சுமந்து மேடேறும் லாரியின் ரேடியேட்டரில் நாலு லிட்டர் நல்ல தண்ணீருக்குப் பஞ்சம்! இந்த வெட்கக்கேட்டை எங்கே போய்ச் சொல்வது?

பராமரிப்பு என்றால் ஏதோ பெரிய வித்தை என்று எண்ணவேண்டாம். ரேடியேட்டரின் முகத்தில் லாலாங் பூவும், செம்மண் தூளும், பூச்சியும், எண்ணெய்ப் பிசுக்கும் அப்பிக்கொள்கின்றன. தகடுகளுக்கு இடையே காற்றுப் போக வழியில்லை. இஞ்சின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக, தகடு மடங்காதபடி மெதுவாகத் தண்ணீர் அடித்துக் கழுவினால் போதும். இதற்கு ஒரு குழாயும் அரை மணி நேரமும் வேண்டும். அந்த அரை மணி நேரத்துக்குச் செக்ரோலில் பேர் போட மனமில்லை என்பதுதான் உண்மை.

உள்ளே? அவசரத்துக்கு ஓடைத் தண்ணீரை ஊற்றி ஊற்றி, துருவும் சேறும் குழாய்களில் படிந்து, தண்ணீர் ஓடவே இடமில்லாமற் போகிறது. உற்பத்தியாளர் சொன்ன அளவில் கூலண்ட் கலந்து ஊற்றவேண்டும். சொன்ன காலத்தில் மாற்றவேண்டும். கூலண்ட் கொதிநிலையைச் சற்று உயர்த்துவதோடு துருப் பிடிப்பதையும் தடுக்கிறது. "அது குளிர் தேசத்து மருந்து, நம் வெயிலுக்கு எதற்கு?" என்று கேட்கும் ஸ்டோர்காரர்கள் இதைத் தெரிந்துகொள்ளட்டும்.

மூடியைப் பாருங்கள். சின்னச் சாமான். சாதாரணமாகத் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு அழுத்தம் தாங்கும் நல்ல மூடி இருந்தால் ஏறக்குறைய 120 டிகிரி வரை கொதியாது. மூடியின் வளையம் தேய்ந்து அழுத்தம் நழுவினால் அந்த 20 டிகிரி பாதுகாப்பும் நழுவிற்று. தேய்ந்த மூடிக்குப் பதில் சாக்குத் துணியை வைத்துக் கட்டிய லாரியையும் நான் பார்த்திருக்கிறேன்.

விசிறி பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்தினால் அரை அங்குல அளவுக்குமேல் தொய்யக்கூடாது. தொய்ந்தால் விசிறியும் தண்ணீர்ப் பம்பும் வழுக்கும். விசிறியைச் சுற்றியுள்ள தகரக் கூடு பட்டறையில் கழற்றினால் திரும்பிப் பூட்டப்படவேண்டும். அது இல்லாவிட்டால் விசிறி இழுக்கும் காற்று ரேடியேட்டர் வழியாக வராமல் பக்கத்தில் ஓடிவிடும். ஹோஸ் வெடித்திருக்கிறதா, காற்று வடிகட்டி அடைத்திருக்கிறதா, பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டு ஓடுகிறதா என்று பார்க்கவேண்டும். இவையெல்லாம் சில நூறு வெள்ளிக் காரியங்கள். தவறவிட்டால் வருவதோ பல ஆயிரம் வெள்ளி. நூறைச் சேமித்து ஆயிரத்தை இழப்பவர் அஜாக்கிரதைக்காரரா? மேட்டிலே மாட்டிக்கொண்டு கை வெந்தவர் அஜாக்கிரதைக்காரரா?

நம்மவர் செய்யும் பிழை

தோழர்களே, நிருவாகத்தை மட்டும் சாடிவிட்டு நம்மை நாமே தட்டிக்கொடுப்பது யோக்கியமல்ல. நம்மவரிடமும் பிழை இருக்கிறது. அதை நாமே சொல்லிக்கொள்ளாவிட்டால் எதிராளி சொல்வான்.

மேடு ஏறும்முன் கியரை இறக்கவேண்டும். பாதி மேட்டில் இஞ்சின் முக்கி முனகிய பிறகல்ல. உயர்ந்த கியரில் மிதித்துத் திணறவைத்தால் இஞ்சினின் சுற்று குறையும். சுற்றுக் குறைந்தால் பம்பும் விசிறியும் குறையும். சூடு மட்டும் குறையாது. தாழ்ந்த கியரில், தரை வரை மிதிக்காமல், நிதானமாக ஏறவேண்டும். "நான் மூணாம் கியரிலேயே ஏத்திப்புடுவேன்" என்று டீக்கடையில் மார் தட்டுவது வீரமல்ல. இறங்கும்போதும் தாழ்ந்த கியரே துணை. இல்லாவிட்டால் பிரேக் சூடேறிப் பிடிக்காமற் போகும்.

சூட்டு ஊசியைப் பார்க்கவேண்டும். ஏறத் தொடங்கியவுடன் மிதியைத் தளர்த்தி, ஏர்கண்டிசன் இருந்தால் அணைத்து, ஹீட்டர் இருந்தால் திறந்துவிடவேண்டும். இன்னும் ஏறினால் சமதரையில் ஒதுக்கி நிறுத்தி, கைப்பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைக்கவேண்டும். தண்ணீர் இருக்கிறதென்றால் உடனே அணைக்காமல் நியூட்ரலில் சில நிமிடம் ஓடவிடலாம். பம்பு தண்ணீரைச் சுற்றிக்கொண்டிருக்கும். ஆவி பீறிட்டுத் தண்ணீர் கொட்டிவிட்டதென்றால் அந்தக் கணமே அணைக்கவேண்டும். ஒன்று கவனியுங்கள்: தண்ணீர் முழுவதும் போய்விட்டால் ஊசி சில சமயம் கீழே இறங்கிக் காட்டும். சூடு தணிந்துவிட்டது என்று எண்ணி ஓட்டினால் இஞ்சினுக்குக் கருமாதிதான்.

மூடியைச் சூட்டோடு திறக்கவே கூடாது! அரை மணி நேரமாவது பொறுக்கவேண்டும். தொட்டுப் பார்த்துச் சூடு அடங்கியபின், தடித்த துணியைப் போட்டு, முதற் பல் வரை திருகி, காற்றை வெளியே விட்ட பிறகே முழுவதும் திறக்கவேண்டும். கொதிக்கும் இஞ்சினில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் சூட்டில் விரிந்த இரும்பு திடீரென்று சுருங்கி வெடிக்கும். நம் தோழருடைய கை வெந்ததும் அவசரத்தால்தான், ஹெட் வெடித்ததும் அவசரத்தால்தான். அதை மறைக்கவில்லை. ஆனால் அந்த அவசரத்தை அவர் மண்டையில் ஏற்றியது எது? கீழே காத்திருந்த பாலும், மேலே காத்திருந்த வசவும் அல்லவா?

இன்னொன்று. "தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறி, சூடே ஏறாது" என்று ஒரு வைத்தியம் தோட்டத்துக்குத் தோட்டம் நடக்கிறது. அது தவறு. இஞ்சின் தேவையான சூட்டுக்கு வராமலே ஓடித் தேயும். சில இஞ்சின்களில் தண்ணீர் ரேடியேட்டர் பக்கம் போகாமல் குறுக்கு வழியில் சுற்றி முன்னிலும் அதிகமாகக் கொதிக்கும். கெட்டுப்போனால் மாற்றுங்கள், கழற்றாதீர்கள். புதிதாக வந்திருக்கும் வங்காளதேசத்துத் தம்பிமாருக்கும் இந்தோனேசியத் தோழர்களுக்கும் இதைப் பழைய டிரைவர்கள் பொறுமையாகச் சொல்லிக்கொடுக்கவேண்டும். ஆவி அடித்தால் யார் தோலும் ஒன்றுதான்.

பால் கட்டினால் யாருக்கு நஷ்டம்?

"லாரி விவகாரம் டிரைவர் பாடு, நமக்கென்ன?" என்று சீவும் தோழர்கள் எண்ணலாகாது. அன்று அந்தத் தோட்டத்தில் நடந்தது என்ன? லாரி மேட்டிலே நின்றது. இருட்டோடு எழுந்து போய்ச் சீவிய தாய்மார்கள் பால் கொட்டகையில் வாளியோடு காத்திருந்தார்கள். வெயில் ஏறிற்று. அம்மோனியாவும் லாரியோடுதான் வரவேண்டும். பால் வாளியிலேயே கட்டிக்கொண்டது. பாலாக நிறுக்கவேண்டியது கட்டிப்பாலாக எழுதப்பட்டது. சம்பளம் இறங்கிற்று. அவர்களுக்குக் காரணம் கேட்டுக் கடிதம் வரவில்லைதான்; தண்டனை மட்டும் வந்துவிட்டது! அடைத்துப்போன ஒரு ரேடியேட்டர், லாரிப் பக்கமே போகாத பெண்களின் கூலியில் கை வைத்தது. டிரைவர் வழக்கு சீவுகிறவர் வழக்கும்தான்.

கிராணிமார்களுக்கு ஒரு வார்த்தை

உங்கள் பேனா சின்ன ஆயுதமல்ல. ஒவ்வொரு லாரிக்கும் ஒரு புத்தகம் போடுங்கள். காலையில் தண்ணீர் எவ்வளவு ஊற்றப்பட்டது, ஒவ்வொரு நடையிலும் பாரம் எத்தனை டன், டிரைவர் என்ன குறை சொன்னார், யாரிடம் சொன்னார், என்ன செய்யப்பட்டது என்று நாளும் நேரமும் போட்டு எழுதுங்கள். தினமும் தண்ணீர் குறைகிறதென்றால் எங்கோ ஒழுகுகிறது, அல்லது கேஸ்கட் போய்விட்டது என்று அந்தப் புத்தகமே கத்தும். நிருவாகத்துக்கும் அது நன்மைதான். நேர்மையான மானேஜர் அதைக் கண்டு அஞ்சமாட்டார்.

டிரைவர் தோழர்களே, நீங்களும் குறையைத் துண்டுக் காகிதத்திலாவது எழுதிக் கொடுங்கள். கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எழுதாத சொல்லுக்கு விசாரணையில் காது கிடையாது.

சட்டம் என்ன சொல்கிறது?

தீபகற்ப மலேசியாவில் 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம் நடப்பில் இருக்கிறது. அதன் 24-ஆம் பிரிவு எவ்வெவற்றைச் சம்பளத்தில் பிடிக்கலாம் என்று பட்டியல் போட்டுச் சொல்கிறது. முன்பணம், தவறிக் கூடுதலாகக் கொடுத்த சம்பளம் போன்றவை அதில் உண்டு. இஞ்சின் கொதித்ததற்கு என்று ஒரு வரி அதில் இல்லை! 14-ஆம் பிரிவின்படி, தவறு நடந்தது என்று சொல்லி ஒருவரை வேலை நீக்கம் செய்யுமுன் முறையான விசாரணை நடத்தவேண்டும்.

1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்புச் சட்டம், இயந்திரங்களைப் பாதுகாப்பான நிலையில் பராமரிப்பது முதலாளியின் கடமை என்கிறது. "தோட்டத்துக்குள் ஓடும் வண்டிதானே, பொதுச் சடக்குக்கா போகிறது?" என்ற சாக்கு அங்கே செல்லாது. 2024 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்த திருத்தத்தால் முதலாளிக்கு உரிய உச்ச அபராதம் 50,000 வெள்ளியிலிருந்து 500,000 வெள்ளியாக ஏறியிருக்கிறது. உடனடி ஆபத்து இருப்பதாக நியாயமாக நம்பும் தொழிலாளி, அதைத் தெரிவித்தும் முதலாளி நீக்காவிட்டால், அந்த வேலையிலிருந்து விலகிக்கொள்ளும் உரிமையும் அதே திருத்தத்தால் கிடைத்திருக்கிறது. அந்த உரிமை சட்டப் புத்தகத்தில் தூங்குகிறது. தட்டி எழுப்பவேண்டியவர்கள் நாம்தான்.

மூன்று கேள்விகள்

நம் தோழரின் விசாரணைக்கு நானும் கிளைப் பிரதிநிதியாகப் போயிருந்தேன். சத்தம் போடவில்லை. மூன்று கேள்விகள் மட்டும் கேட்டோம். அன்று லாரியில் எத்தனை டன் இருந்தது? ரேடியேட்டரைக் கடைசியாகச் சுத்தம் செய்த தேதி எது? தண்ணீர் குறைகிறது என்று மண்டோரிடம் சொன்னாரா, இல்லையா?

முதற் கேள்விக்கு நிறுத்த சீட்டு இல்லை. இரண்டாவதற்குத் தேதி இல்லை. மூன்றாவதற்கு மண்டோர் மானேஜர் முகத்தைப் பார்த்தார், மானேஜர் மேசையைப் பார்த்தார். சம்பளத்தில் பிடிப்பது என்ற பேச்சு அன்றோடு நின்றது.

ஆனால் தோழரின் கையில் தழும்பு நிற்கிறது. அன்று கட்டிப்பாலாக எழுதப்பட்ட தாய்மார்களின் கூலி திரும்பவில்லை. ஆகவே இதை வெற்றி என்று நான் சொல்லமாட்டேன். பாதி வழி வந்திருக்கிறோம், அவ்வளவுதான்.

மீதி வழிக்கு நாம் கேட்பது பெரிய சொத்தல்ல. லாரிக்குரிய அளவுக்குமேல் பாரம் ஏற்றாதீர். காலையில் அரை மணி நேரம் பராமரிப்புக்குக் கூலியோடு கொடுங்கள். கூலண்டும் மூடியும் பெல்ட்டும் ஸ்டோரில் இருப்பு வையுங்கள். சூட்டு ஊசி வேலை செய்யாத லாரியை மேட்டுக்கு அனுப்பாதீர். லாரி தாமதித்துக் கட்டிய பாலுக்குப் பால் கணக்கிலேயே கூலி போடுங்கள். இந்த ஐந்தும் எழுத்தில் வரட்டும்.

அடுத்த கிளைக் கூட்டத்தில் ஒவ்வொரு தோட்டமும் இதைத் தீர்மானமாகக் கொண்டுவரவேண்டும். டிரைவர்கள் மட்டுமல்ல, சீவுகிறவர்களும் கிராணிமார்களும் கையெழுத்திடவேண்டும். ரேடியேட்டர் கொதிக்குமுன் ஊசி காட்டுகிறது. பார்க்க வேண்டியவர்கள் பார்க்கட்டும்!

— பழைய லாரிக்காரன்